மாண்புமிகு அச்சுக்கு மண்டலாபிஷேகம்

எல்லப்பனுக்கு அரசாங்கம் கொடுத்த வேலைகளில் முதல் வேலை, செத்துப்போன மாங்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவது.

திருப்புலிவனத்தைத் தாண்டிச் சாலையோரம் நிற்கும் ஊரக உயர்வேதியியல் நிலையத்தை ஏழு வருடத்துக்கு முன் திறந்துவைத்த அமைச்சர் ஒருவர் தன் கையாலேயே நட்ட கன்று அது. மூன்றாவது வாரம் ஆடு மேய்ந்தது; நான்காவது வாரம் கருகியது. இப்போது குச்சிதான் மிச்சம். குச்சியைச் சுற்றி இரும்பு வேலி, வேலியில் பளிங்குப் பலகை, பலகையில் அமைச்சரின் பெயர். பெரிய கை வைத்ததைச் சின்னக் கை எடுக்கக் கூடாது என்பது நிலையத்தில் எழுதாத சட்டம். எழுதிய சட்டங்களைவிட அதற்குத்தான் மரியாதை அதிகம். ஆகவே தினமும் காலையில் இரண்டு குடம்.

இதில் எல்லப்பனுக்கு வயிறு எரிய நியாயம் இருந்தது. நிலையம் நிற்கிற மனையில் அரை ஏக்கர் அவனுடையது. அதற்குப் பதிலாகக் கிடைத்ததுதான் இந்தக் கடைநிலை ஊழியர் உத்தியோகம். மிச்ச நிலத்தில் ஒரு கிணறு இருந்தது. போன வருடம், எண்பத்து நாலு கார்த்திகை மழையில், கிணற்றை ஒட்டிய மோட்டார் கொட்டகை இடிந்தது. பக்கத்து நிலத்துப் பச்சமுத்து அங்கே அடுக்கியிருந்த பூச்சிமருந்து டின்கள் நாலும் கிணற்றுக்குள் விழுந்து உடைந்தன. மூன்று முறை இறைத்துக் கொட்டிவிட்டார்கள். மறுபடி ஊறிய தண்ணீரிலும் அதே வாடை. அதைக் குடித்த கன்றுக்குட்டி நுரை தள்ளிச் செத்தது. அன்று முதல் எல்லப்பன் பெண்சாதி அம்முலு ஒரு மைல் நடந்து குடிதண்ணீர் சுமக்கிறாள். அவன் இங்கே குச்சிக்கு ஊற்றிக்கொண்டிருக்கிறான்.

அதையும் பொறுத்துக்கொண்டிருப்பான். ஆனால் தென்னேரியில் கட்டிக்கொடுத்திருந்த மகள் கனகா மாசமாக இருந்தாள். தை மாதம் தலைப்பிரசவத்துக்கு அழைத்துவந்து வளையல் போட வேண்டும். சம்பந்தியம்மாள் செல்லம்மாள் பஸ் ஏறி வந்து, வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போனாள்.

"வெசத் தண்ணி கீற வூட்டுக்கு மாசமா கீற பொண்ண அனுப்ப மாட்டேன். கெணறு நல்லாச்சின்னா வந்து சொல்லுங்க. இல்லாங்காட்டி நானே பாத்துக்கறேன்."

அம்முலு இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் புருஷனிடம் கேட்டாள். "தலப்பிரசவத்துக்குப் பொண்ண இட்டார முடியாதவன் இன்னாத்துக்குயா அந்த ஆபீசுக்குப் போற? அங்க இன்னாமோ மருந்து கண்டுபுடிக்கிறாங்கன்றியே, நம்ம கெணத்துக்கு ஒண்ணு கேக்கறதுதானே?"

எல்லப்பன் கேட்டான். கேட்ட இடம் சரியான இடம். எல்லப்பனைச் சேர்க்காமல் நிலையத்தில் பன்னிரண்டு பேர் சம்பளம் வாங்கினார்கள். அவர்களில் வேதியியல் செய்தவர் ஒருவர். மற்ற பதினோரு பேரும் அதை மேற்பார்வையிட்டார்கள். அந்த ஒருவர் தணிகைவேல். பிள்ளையார்பாளையத்துப் பையன்; இரண்டு வருடத் தற்காலிக நியமனம்; டிபன் கேரியரோடு காஞ்சிபுரம் பஸ்ஸில் வந்து போகிறவர்.

"இன்னா எல்லப்பண்ணே, நான் அதத்தான் பண்ணிக்கினு கீறேன்" என்றார் தணிகைவேல், முகமெல்லாம் மலர்ந்து. அவரிடம் இதுவரை யாரும் எதுவும் கேட்டதில்லை. "ஒரு எலுமிச்சம்பழத்தச் சுத்தி களிமண்ணு வச்சி அமுக்குறோம். மண்ணு காஞ்சதும் பழத்த எடுத்துட்டா இன்னா இருக்கும்?"

"பள்ளம்."

"இன்னா மாதிரி பள்ளம்?"

"எலுமிச்சம்பழம் மாதிரி."

"அவ்ளோதான். அதுல தேங்கா உக்காராது, நெல்லிக்கா நிக்காது. எலுமிச்சம்பழந்தான் கரெக்டா உக்காரும். பூச்சிமருந்து மூலக்கூறு ஒடையற நேரத்துல ஒரு மாதிரி நெளியும். அதே நெளிசல்ல, ஆனா வெசமில்லாம, ஒரு வெள்ளப் பொடி செஞ்சிருக்கேன். அதான் அச்சு. அதச் சுத்தி மத்த சாமானுங்க தானா வந்து கூடி நிக்கும். அப்புறம் சூடு காட்டி எறுக வச்சி, அச்ச மட்டும் கழுவி எடுத்துட்டா, கோடிக் கோடியா குழி. ஒவ்வொரு குழியிலயும் பல்லு வச்சிருக்கேன். பூச்சிமருந்து வந்து உக்காரும், பல்லு கடிச்சி ரெண்டா ஒடைக்கும். ஒடைஞ்ச துண்டு அந்தக் குழிக்கு சேராது, வெளிய வுழுந்துடும். குழி மறுபடி காலி. அடுத்தது வரும்."

எல்லப்பன் கேட்டான்: "அச்ச எடுக்காம வுட்டுட்டா?"

"வாய் நெறய சோத்த வச்சிக்கினு கீறவன் மாதிரிதான். ஒண்ணும் உள்ள போவாது."

இந்த ஒரு விஷயத்தை எல்லப்பன் அந்த நிமிஷமே புரிந்துகொண்டான். நிலையத்துக்கு அது கடைசிவரை புரியவில்லை.

இயக்குநர் டாக்டர் பஞ்சாட்சரம் திட்டத்தை அக்கறையோடு படித்தார். அவருக்கு ஒரு வரிதான் உறுத்தியது. தணிகைவேலை அழைத்து, எல்லப்பன் காபி வைத்துக்கொண்டிருக்கும்போதே கேட்டார்.

"மூலக்கூறுகள் தாமாகவே கூடும் என்று எழுதியிருக்கிறீர்கள். யார் கூட்டினால் கூடும்?"

"யாரும் கூட்ட வேணாம் சார். அதுங்களுக்குள்ள இருக்கிற ஈர்ப்பில..."

"அமைப்பாளர் இல்லாமல்? முன்னறிவிப்பு இல்லாமல்?" இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தம்பி, முப்பது வருடமாக அரசுப் பணியில் இருக்கிறேன். நான் சுற்றறிக்கை அனுப்பி, டிபன் உண்டு என்று அடிக்கோடிட்டும் பத்துப் பேர் கூடுவதில்லை. தானாகக் கூடுகிறது என்று நான் மேலே எழுதினால், அப்புறம் இயக்குநர் எதற்கு என்று கேட்பார்கள். 'இயக்குநரின் வழிகாட்டுதலின்படி கூடும்' என்று திருத்துங்கள்."

திருத்தப்பட்டது. மூலக்கூறுகள் ஆட்சேபிக்கவில்லை.

அடுத்து ஆலோசனைக் குழு. உத்திரமேரூர்க் கல்வெட்டில் குடவோலை முறை இருப்பதால், பக்கத்தில் இருக்கிற நிலையமும் அந்த முறையில்தான் குழுவைத் தேர்ந்தெடுத்தது. பித்தளைக் குடம், உண்மையான பனையோலை, நாதஸ்வரம். குடத்துக்குள் கைவிட்டு ஓலை எடுப்பது எல்லப்பன் வேலை. அவனுக்குப் படிக்கத் தெரியும் என்பதை ஏழு வருடமாக யாரும் கேட்கவில்லை. எல்லா ஓலையிலும் மூன்றே பெயர்கள்: இயக்குநர், நிர்வாக அலுவலர் வேதாசலம், இயக்குநரின் மைத்துனர் ராஜாராம். எந்த வருடமும் முடிவில் இழுபறி ஏற்பட்டதில்லை. ஆயிரம் வருடத்து ஜனநாயகம் இன்னும் பிசகாமல் நடக்கிறது என்று ஆண்டறிக்கையில் படத்தோடு போடுவார்கள்.

குழு கூடி, அச்சைக் கலவையில் இடும் காரியத்தை ஓர் அமைச்சரின் கையால் செய்விப்பது என்று தீர்மானித்தது. எல்லப்பன் ஜன்னல் வழியாக மாங்குச்சியைப் பார்த்தான்.

ஐப்பசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அமைச்சர் வந்தார். வெள்ளித் தட்டில் வெள்ளைப் பொடி, வெள்ளிக் கரண்டி. அவர் அள்ளிக் குடுவையில் போட்டார். கைதட்டினார்கள். படம் சரியாக விழவில்லை என்று போட்டோகிராபர் சொன்னதால், வெறும் கரண்டியால் இன்னொரு முறை போட்டார். மறுபடியும் கைதட்டினார்கள்.

"இது எப்போது முளைக்கும்?" என்று அமைச்சர் கேட்டார்.

"தங்கள் ஆசியால் கூடிய விரைவில்" என்றார் இயக்குநர்.

கலவை இறுகியது. தணிகைவேல் அதை உடைத்து, இடித்து, சலித்து, வெல்லப்பாகு நிறத்தில் பொடிக்கல்லாக ஒரு நீளமான கண்ணாடிக் குழாயில் நிரப்பினார். பிறகு, அச்சைக் கழுவி எடுக்க நாற்பது லிட்டர் மெத்தனாலும் கொஞ்சம் அமிலமும் வேண்டுமென்று எழுதிக்கொடுத்தார். தாள் வேதாசலத்தின் மேஜைக்குப் போனது. வேதாசலம் மெதுவாகப் படிக்கிறவர்.

"எதக் கழுவி எடுக்கப் போறீங்க?"

"அச்ச சார்."

"அதப் போட்டது யாரு?"

"மந்திரிதான் சார்."

"மாண்புமிகு போட்டத நீங்க கழுவி ஊத்துவீங்க" என்றார் வேதாசலம். "அப்புறம் அங்க இன்னா இருக்கும்?"

"குழி சார். அதான் சார் வேல செய்யும்."

"இங்க பதினோரு பேர் உக்காந்துக்கினு கீறோம், குழி வேல செய்யுமாம்!" வேதாசலம் தாளில் குறுக்கே கோடு போட்டார்.

விவகாரம் குழுவுக்குப் போனது. எல்லப்பன் வடையும் தண்ணீரும் கொடுத்துவிட்டுக் கதவோரம் நின்றான். இயக்குநர் எழுந்து பேசியதை அவன் பிறகு அம்முலுவிடம் வார்த்தை பிசகாமல் சொல்லிக் காட்டினான்.

"நண்பர்களே! இந்த நிலையத்தில் ஐந்து வருடமாக நான் எதையும் வெளியேற்றியதில்லை. பழுதான தராசை வெளியேற்றியதில்லை. தவறான முடிவுகளை வெளியேற்றியதில்லை. ஓய்வு பெற்ற பிறகும் என் முன்னோடி இதே அறையில் இரண்டு வருடம் உட்கார்ந்திருந்தார். அவரையும் நான் வெளியேற்றவில்லை. நிறைந்திருப்பதுதான் நிர்வாகம். குழி என்பது குறை. குறையை உண்டாக்குவதற்கு அரசு யாருக்கும் சம்பளம் தருவதில்லை. அப்படியே குழி வேண்டுமென்றால், அச்சு உள்ளேயே இருக்கட்டும். அதைச் சுற்றிக் குழி இருக்கட்டும். இருவருக்கும் மரியாதை."

மைத்துனர் ராஜாராம் மேஜையைத் தட்டி வரவேற்றார்.

குழாய்க்குக் கண்ணாடிப் பெட்டி செய்தார்கள். பெட்டிக்கு மாலை போட்டார்கள். எல்லப்பனின் காலை வேலைகளில் பெட்டியைத் துடைப்பதும் சேர்ந்தது. தணிகைவேல் கழுவாத கல்லில் ஒரு கைப்பிடி எடுத்து எல்லப்பனின் கிணற்றுத் தண்ணீரில் போட்டுப் பார்த்தார். சொன்னபடியே ஒன்றும் நடக்கவில்லை. அன்று சாயங்காலம் இருவரும் குச்சிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

"ரெண்டு மாசந்தான் கீது சார்" என்றான் எல்லப்பன். "தையில வளையலு. எம்பொண்ணு போன வாரம் எழுதியிருந்தா, அம்மா கையால சோறு துன்னணும்னு. எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கமே இல்ல சார். நீங்க திருட்டுத்தனமா கழுவிட முடியாதா?"

"கழுவிடலாம்ணே. மெத்தனாலு பீரோ சாவி வேதாசலத்து இடுப்புல கீது." தணிகைவேல் டிபன் கேரியரைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். "படிச்சதெல்லாம் வீணு. கழுவறதுக்குக் கூட பர்மிஷன் இல்லாத எடத்துல வந்து மாட்டிக்கினேன்."

எல்லப்பன் கண்ணாடிப் பெட்டி இருக்கிற திசையைப் பார்த்தான். மாலை, ஊதுவத்தி, பெட்டி. மூன்று வருடத்துக்கு முன் ஊர்க் கோயிலில் கும்பாபிஷேகம் நடந்தபோது நாற்பத்தெட்டு நாளும் குருக்களுக்குத் தண்ணீர் தூக்கிக் கொடுத்தவன் அவன். சட்டென்று எழுந்து வேட்டியைத் தட்டினான்.

மறுநாள் இயக்குநருக்குக் காபி வைத்துவிட்டு நகராமல் நின்றான்.

"என்ன எல்லப்பா?"

"ஒண்ணுமில்லீங்க ஐயா. ஊர்ல பேசிக்கறாங்க. மந்திரி கையால பிரதிஷ்டை பண்ணிட்டு, மண்டலாபிஷேகம் பண்ணாம வுட்டுட்டாங்களேன்னு."

இயக்குநரின் கோப்பை பாதியில் நின்றது. "யார் பேசுகிறார்கள்?"

"எல்லாருந்தாங்க ஐயா. நாப்பத்தெட்டாம் நாளு அபிஷேகம் பண்லன்னா போட்டவங்களுக்கு ஆவாதாம். பதவிக்கு."

பதவி என்ற சொல் இயக்குநரின் முகத்தில் வேலை செய்ததை எல்லப்பன் பார்த்தான். நாட்காட்டியைப் புரட்டினார்கள். நாற்பத்தெட்டாம் நாளுக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. குழு அவசரமாகக் கூடியது. அறிவியல் நிலையத்தில் அபிஷேகம் செய்யலாமா என்று யாரும் கேட்கவில்லை. எந்தத் திரவத்தால் செய்வது என்றுதான் கேட்டார்கள். தணிகைவேலை அழைத்துக் கருத்துக் கேட்டார்கள். அவர் எல்லப்பன் முகத்தைப் பார்க்காமல், "மெத்தனால் நாற்பது லிட்டர், கொஞ்சம் அமிலம்" என்றார். "பால், தயிர் போட்டா குழாய் அடைச்சிக்கும் சார்."

வேதாசலம் பீரோவைத் தானே திறந்துவிட்டார்.

நாற்பத்தெட்டாம் நாள் காலை ஒன்பதிலிருந்து மாலை நாலுவரை இயக்குநர் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு, முறை வைத்துக் குழுவினரோடு, குழாயின் தலையில் வெள்ளிச் சொம்பால் மெத்தனால் ஊற்றினார். நெடி தாங்காமல் நாதஸ்வரக்காரர் வாசலுக்குப் போய் ஊதினார். கீழே சொட்டிய ஒவ்வொரு துளியும் ஜாடிகளில் சேர்ந்தது. மாண்புமிகு இட்ட பொருள் முழுதும், அவமதிப்பு ஏதுமில்லாமல், ஊர்வல மரியாதையோடு வெளியே வந்தது. உள்ளே கோடிக் கோடியாகக் குழிகள் வாய் திறந்தன. இயக்குநர் தன் வாழ்நாளில் செய்த ஒரே வேதியியல் காரியம் அதுதான். அதுவும் அவருக்குத் தெரியாமல் நடந்தது.

"தீர்த்தம் எங்கே?" என்றார் இயக்குநர், வேர்வையைத் துடைத்துக்கொண்டு.

தணிகைவேல் ஜாடிகளைக் காட்டி, "குடிச்சிடாதீங்க சார், கண்ணு போயிடும்" என்று பதறினார். மைத்துனர் ராஜாராம் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். தீர்த்தம் குடிப்பதற்கில்லை, தரிசனத்துக்கு மட்டும் என்று தீர்மானித்து, ஒரு பெரிய ஜாடியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். மாலை அதற்கு மாறியது. மாண்புமிகு இப்போது ஜாடியில் இருப்பதால் குழாய்க்குப் பெட்டியில் இடமில்லை.

"அப்போ இந்தக் கல்லு?" என்றார் வேதாசலம்.

"நிர்மால்யங்க ஐயா" என்றான் எல்லப்பன் பணிவாக. "அபிஷேகம் ஆனப்புறம் கழிச்ச பூவ இன்னா பண்ணுவாங்க? காலு படாம தண்ணியில வுட்டுடறதுதானே?"

"எந்தத் தண்ணீரில்?"

"எங்கூட்டுக் கெணறு ஒண்ணு யாருக்கும் ஒதவாம கீதுங்க."

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. தலைமேல் வைத்துத் தூக்கிப் போக வேண்டுமென்று மட்டும் இயக்குநர் நிபந்தனை போட்டார். எல்லப்பன் தலைமேல்தான் தூக்கிப் போனான்.

தணிகைவேல் அதைக் கிணற்றுக்குள் போடவிடவில்லை. இரண்டு நாள் வெறும் தண்ணீர் விட்டு மெத்தனால் வாடை போகக் கழுவினார். அடியில் குழாய் வைத்த ஒரு டிரம்மில் மணலும் கல்லுமாக அடுக்கிக் கிணற்றடியில் நிறுத்தினார். இறைத்த தண்ணீரை மேலே ஊற்றினால் கீழே சொட்டுச் சொட்டாக வந்தது. வாரம் முழுக்க வந்ததைப் பிடித்துச் சோதித்தார். எட்டாம் நாள் ஒரு சொம்பு பிடித்து அண்ணாந்து குடித்தார்.

"சார்!" என்று அம்முலு அலறினாள்.

"ஒண்ணுமில்லம்மா. நல்ல தண்ணி. ஒடைஞ்ச துண்டையும் மணலுக்கு நடுவுல கரி போட்டுப் புடிச்சிக்கினேன்." அவர் வாயைத் துடைத்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. "நான் செஞ்சதுல உருப்படியா வேல செஞ்சது இதான் மொதலு."

அம்முலு அவருக்கு அந்தத் தண்ணீரிலேயே சோறு வடித்துப் போட்டாள். எல்லப்பன் அன்றைக்கே தென்னேரிக்கு பஸ் ஏறினான்.

நிலையமும் சும்மா இருக்கவில்லை. திட்டத்துக்கு முடிவறிக்கை எழுத வேண்டியிருந்தது. அமைச்சர் இட்ட பொருள் பூச்சிமருந்தை உடைக்கிறதா என்று பார்க்க, தீர்த்தத்தில் பத்துச் சொட்டு எடுத்து மருந்துத் தண்ணீரில் விட்டார்கள். ஒன்றும் உடையவில்லை. மூன்று முறை விட்டும் உடையவில்லை. டிரம்மில் இருக்கிற கல்லைச் சோதியுங்கள் என்று தணிகைவேல் கெஞ்சினார்; சோதனைத் தாள்களை மேஜையில் பரப்பினார்.

"தம்பி," என்றார் இயக்குநர் கனிவாக. "அதில் என்ன இருக்கிறது?"

"ஒண்ணுமில்ல சார். அதனாலதான் சார்..."

"ஒன்றுமில்லை என்று நீங்களே சொல்கிறீர்கள். ஒன்றுமில்லாததைப் பற்றி நான் அறிக்கை அனுப்பினால் மேலிடத்தில் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள்?"

அறிக்கை போனது: அச்சுமுறை வினையூக்கி பயனற்றது, பரிசோதனைக்கு எடுத்துக்கொண்ட எல்லப்பன் என்பவரின் கிணறு நிரந்தரமாகக் குடிக்கத் தகுதியற்றது, இயக்குநரின் வழிகாட்டுதல் மட்டும் திருப்திகரமாக இருந்தது. தணிகைவேலின் நியமனம் நீட்டிக்கப்படவில்லை. அவர் டிபன் கேரியரோடு கடைசி பஸ்ஸுக்கு நின்றபோது எல்லப்பன் ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தான். "பொண்ணுக்கு வளையலு போட வாங்க சார்" என்று மட்டும் சொன்னான்.

தை பிறந்து எட்டாம் நாள் வளையல். அதே நாள் காலையில் வேதாசலம் எல்லப்பனைக் கூப்பிட்டு, சிவப்பெழுத்தில் எழுதிய ஒரு பெரிய தகரப் பலகையைக் கொடுத்தார். 'எச்சரிக்கை. இக்கிணற்று நீர் நஞ்சு. அருந்துவோர் உயிருக்கு நிலையம் பொறுப்பல்ல.' கீழே இயக்குநரின் பெயர்.

"இன்னிக்கே கெணத்தாண்ட வைக்கணும். வச்சதுக்குக் கையெழுத்துப் போட்டுட்டு லீவுல போ."

"எப்படிங்க ஐயா வைக்கிறது?"

"இதுல இன்னா கேள்வி? ஆர்டர்ல கிணற்றடியில் வைக்கவும்னு கீது. வை."

எல்லப்பன் மாங்குச்சிக்கு இரண்டு குடம் ஊற்றிவிட்டு, பலகையை சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு புறப்பட்டான். வீட்டை நெருங்கும்போது தென்னேரி வண்டி வந்து நின்றுகொண்டிருந்தது. கனகா வயிற்றைத் தாங்கிக்கொண்டு மெல்ல இறங்கினாள். பின்னால் இடுப்பில் பழத்தட்டோடு செல்லம்மாள். பலகையை மறைக்க இடமில்லை. வைக்காமல் இருக்கவும் முடியாது. அவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நேராகக் கிணற்றடிக்குப் போனான். கயிற்றை அவிழ்த்தான். எழுத்து கீழே இருக்கும்படி பலகையைத் திருப்பி, டிரம்மின் வாயில் வைத்து மூடினான். அளவெடுத்துச் செய்ததுபோல உட்கார்ந்தது.

செல்லம்மாள் கிணற்றடிக்கே வந்துவிட்டாள். குனிந்து குழாயைத் திறந்து, கையில் பிடித்து முகர்ந்து பார்த்தாள். ஒரு வாய் குடித்தாள். பிறகு முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு இன்னொரு வாய்.

"எங்க ஊரு ஏரித் தண்ணிய வுட நல்லாதான் கீது" என்றாள். டிரம்மைத் தட்டிப் பார்த்தாள். "மூடி கூட புச்சா போட்டுகீறீங்களே. ஆபீசுல குடுத்தாங்களா?"

"ஆமாங்க" என்றான் எல்லப்பன். "பெரிய ஐயா பேரு போட்டுக் குடுத்தாரு. பேரு உள்பக்கமா கீது."

செல்லம்மாள் மூடியின் மேல் பழத்தட்டை வைத்துவிட்டு, கனகாவைப் பார்த்து, "வாம்மா, வந்து காலு கழுவிக்கினு உன் ஆத்தா வூட்டுக்குள்ள போ" என்றாள்.